சிங்காரி குடிக்காத பால்

செல்போனும் செங்கோலும் ஒரே காலத்தில் இருந்த நாடு அது. எப்படி என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது. நாட்டின் பெயர் வேங்கைநல்லூர். பெயரில்தான் புலி; ஆண்டது பூனை. அதுவும் செல்போனுக்குள் இருக்கும் பூனை.

குழந்தைகள் பூனை வளர்க்கும் விளையாட்டு அது. விரலால் தொட்டால் பால் குடிக்கும், குளிக்கும், தூங்கும். தொடாவிட்டால் அழும். இளவரசி இன்பவல்லி அதை விளையாடிக்கொண்டிருந்தாள். "பிள்ளைகளுக்குக் கண் கெட்டுவிடும்" என்று அவள் அப்பா, அரசர் மகுடேசவர்மர், செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் காலி.

பூனைக்குச் சிங்காரி என்று பெயர் வைத்தார். அது தூங்கும்போது சபையில் யாரும் இருமக் கூடாது. நிதியமைச்சர் அனந்தகிரியார் ஒருபடி மேலே போய், சிங்காரி விழித்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அரசருக்கு உச்சி குளிர்ந்தது.

இதற்கிடையில் ஆடி பிறந்து ஏரி நிரம்பியிருந்தது. வேங்கைநல்லூரில் ஒரு வழக்கம். புதுத்தண்ணீருக்கு மதகை முதலில் திறப்பது அரசர் கையாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் மதகுக் கதவைத் தூக்கும் திருகைத் தொடக் கூடாது. அரசரோ மதகுப் பக்கமே போகவில்லை. காரணத்தையும் வெட்கப்படாமல் சொன்னார். அங்கே சிக்னல் இல்லையாம். சிங்காரி பட்டினி கிடக்குமாம்.

கீழ்மதகு ஊரிலிருந்து செங்கமலம் என்ற விவசாயி, தண்ணீரில்லாமல் பழுத்துப்போன நாற்றுக் கட்டோடு அரண்மனை வாசலில் வந்து நின்றாள். காவலர்கள் அவளை உள்ளே விடவில்லை. பூனை தூங்குகிறது என்றார்கள்.

சபையில் வாஞ்சியப்பர் என்று ஒரு புலவர் இருந்தார். பாட்டு சுமார்தான், வாய் கெட்டி. அவர் செங்கமலத்துக்காகப் போய் அரசரிடம் மன்றாடினார். அனந்தகிரியாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று அரசரின் காதைக் கடித்தார். சிங்காரி இவ்வளவு பால் குடித்தும் வளரவே இல்லையே, படத்துப் பாலில் சத்து ஏது, வாஞ்சியப்பர் நிஜப் பாலைக் குடிக்க வைக்கட்டும் என்றார். ஜெயித்தால் அரசர் மதகுக்கு வருவார். தோற்றால் புலவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். அரசருக்கும் அது நியாயமாகவே பட்டது.

வாஞ்சியப்பர் உடனே ஒத்துக்கொண்டார். சபை அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

"ஒரே ஒரு நிபந்தனை, அரசே. பசித்தால்தானே எந்தப் பூனையும் புதுப் பாலில் வாய் வைக்கும்? நான் பாலோடு வரும்வரை யாரும் அதற்கு விரலால் ஊட்டக் கூடாது. ஊட்டினால் நான் ஜெயித்ததாகக் கணக்கு."

"இவ்வளவுதானா? சரி" என்றார் அரசர்.

மறுநாள் காலை செல்போனைப் பட்டு மெத்தையில் வைத்தார்கள். பால் கறந்த சூட்டோடு வேண்டும் என்று வாஞ்சியப்பர் மாட்டையே வரவழைத்திருந்தார். செங்கமலத்தின் மாடுதான். கன்றோடு சபைக்கு வெளியே முற்றத்தில் நின்றது.

சிங்காரி மியாவ் என்றது. பால் எங்கே என்றார் அரசர். கறக்கிறார்கள் என்றார் வாஞ்சியப்பர். மறுபடி மியாவ். திரையில் பசியைக் காட்டும் கோடு சிவப்பானது. அரசருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்னும் எவ்வளவு நேரம்தான் கறப்பீர்கள் என்று முற்றத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"கறந்துக்கிட்டுத்தான் இருக்கேன் மகாராசா" என்று செங்கமலத்தின் குரல் வந்தது. "தண்ணி இல்லாம புல்லு ஏதுங்க? புல்லு இல்லாம பாலு எங்கேருந்து வரும்? ஒவ்வொரு சொட்டாத்தான் வருது."

சிங்காரியின் கண்ணில் நீர் திரண்டது. படுத்துவிட்டது. அவ்வளவுதான், அரசர் அரியணையிலிருந்து பாய்ந்து வந்து விரலால் தொட்டார். சிங்காரி குடித்தது, எழுந்தது, குதித்து ஆடியது. அரசர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் சபை தம்மைப் பார்ப்பதைக் கவனித்தார்.

வாஞ்சியப்பர் கைகட்டி நின்றார். அனந்தகிரியார் விடவில்லை. பூனை நிஜப் பாலைக் குடிக்கவே இல்லையே என்று வாதாடினார்.

"குடிக்குமா என்று பார்க்கத்தான் நானும் காத்திருந்தேன். அரசரால்தான் பொறுக்க முடியவில்லை" என்றார் வாஞ்சியப்பர். "படத்தில் ஒரு சொட்டுக் கண்ணீருக்கே இப்படி. நல்ல வேளை, கீழ்மதகுக் குழந்தைகள் நிஜமாக அழுகிறார்கள். படத்தில் அழுதிருந்தால் அரசருக்கு எவ்வளவு சங்கடம்."

அரசர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் கெட்டவர் அல்ல, கெட்டுப்போயிருந்தார், அவ்வளவுதான். சொன்ன சொல் சொன்னதுதான், வருகிறேன் என்றார். ஆனால் குரல் இறங்கியது.

"அங்கே சிக்னல் இல்லையே, வாஞ்சியப்பரே. நான் திரும்பி வரும்வரை இதை யார் பார்த்துக்கொள்வது?"

"யாருடைய பூனையோ அவரிடமே கொடுத்துவிடலாமே."

இளவரசியைக் கூப்பிட்டார்கள். முற்றத்திலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் சேறு, பாவாடையில் வைக்கோல். செல்போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அதுவா? அது சின்னப் பிள்ளைங்க வெளையாட்டுப்பா. நீங்களே வெச்சுக்கோங்க. என்னைக் கன்னுக்குட்டி கூப்பிடுது."

அரசர் சிரித்தார் பாருங்கள், தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயிற்று. தம் முத்துமாலையைக் கழற்றி வாஞ்சியப்பர் கழுத்தில் போட்டார். செல்போனை அனந்தகிரியார் கையில் வைத்து, எந்நேரமும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், அது ஒருமுறை அழுதாலும் பதவி போய்விடும் என்றார். செங்கமலத்தை முன்னால் நடக்கச் சொல்லி, மதகுக்கு அவள் பின்னாலேயே போனார்.

அன்று மாலை கீழ்மதகு வயல்களில் தண்ணீர் ஏறியது. இன்றைக்கும் அனந்தகிரியாரைப் பார்க்க யாராவது போனால், கொஞ்சம் பொறுங்கள், சிங்காரி குளித்துக்கொண்டிருக்கிறாள் என்கிறாராம்.