வெற்றிலை அடக்கிய வாய்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கோடையாண்டான் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். நினைத்தால் நினைத்ததுதான்; வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே கட்டளை போடுவான். பிறந்த வீட்டுக்குப் பல்லக்கில் போன அவன் ராணி, அங்கே காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த அரண்மனையில் சிரிப்புச் சத்தமே இல்லை.

மகன் ஆதனுக்கு நாலு வயது. மழலை இன்னும் திருந்தவில்லை. ஐந்து வயதில் முன்னோர் பெயர்களை அவையில் சொல்லாத பிள்ளைக்கு அந்த நாட்டில் பட்டம் கிடையாது. அவைப்புலவர் செங்கோடர் பாடம் எடுத்தார். ஒரு பிழைக்கு ஏழு தரம் சொல்ல வேண்டும். மூன்றே மாதத்தில் பிள்ளை வாயை மூடிக்கொண்டான்.

“இது தேறாது மன்னா. மலைக்கோட்டைக்கு அனுப்பிவிட்டு, தம்பி மகனுக்குப் பட்டம் கட்டுங்கள்” என்றார் புலவர். தம்பி மகனும் அவருடைய மாணவன்தான், பாருங்கள்.

மன்னன் அவையோரத்தில் நின்ற மகனைப் பார்த்தான். ஆனாலும், “பல்லக்கைக் கொண்டுவரச் சொல்லும்” என்று வெற்றிலை வாயோடு அமைச்சர் தத்தனிடம் முனகினான்.

“விளங்கவில்லை மன்னா.”

மறுபடி சொன்னான்.

“இன்னும் விளங்கவில்லை. ஏழு தரம் சொல்லுங்கள். அதுதானே நம் பாடமுறை.”

நாலாம் தரத்தில் மன்னன் முகம் சிவந்தது. அவை முழுக்கத் தன் வாயையே பார்ப்பதைக் கண்டதும் ஐந்தாம் தரம் பேச்சே எழவில்லை. வெற்றிலையைத் துப்பினான்.

“இத்தனை வருஷம் விளங்கியது இன்றைக்கு விளங்காதா? தலை கழுத்தில் இருக்க வேண்டாமா உமக்கு?”

“அந்தத் தலைக்காகத்தான் மன்னா இத்தனை வருஷம் விளங்கியது. உங்கள் கண் போகிற இடம், கை காட்டுகிற திசை எல்லாம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஒருநாளும் திருத்தியதில்லை. பிள்ளைக்கு யார் அப்படிக் காது கொடுத்தோம்?”

மன்னன் இறங்கிவந்து மகன் எதிரே தரையில் உட்கார்ந்தான். திருத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்துப் பிள்ளை வாசல் பக்கம் கை நீட்டினான்.

“பயக்கு... ம்மா... எப்ப?”

“வாயை மூடும்வரை தினமும் இதே உளறல்தான் மன்னா. ‘பல்லக்கு’ என்று ஏழு தரம் சொல்லவைத்தும் திருந்தவில்லை” என்றார் புலவர்.

“அவன் என்ன கேட்கிறான் என்று ஒரு தரமாவது யோசித்தீரா?” என்றான் மன்னன்.

புலவரின் பதவி அன்றே போயிற்று. முன்னோர் பெயர்கள் காத்திருக்கட்டும் என்று உத்தரவானது. தத்தனின் கழுத்தில் முத்துமாலை விழுந்தது. அவர் கண் பிள்ளைமேலேயே இருந்தது; மாலையைப் பார்க்கக்கூட இல்லை.

மன்னன் மகனை மடியில் இழுத்துக்கொண்டான்.

“அம்மா இனி வரமாட்டாள், கண்ணு.”

வாயில் வெற்றிலை இல்லை. ஆனாலும் வார்த்தை குழறித்தான் வந்தது. பிள்ளைக்கு ஒரே தரத்தில் விளங்கிவிட்டது.