சடைச்சி யாருடைய குடி?

ஆற்றுக்கு இக்கரை ஒரு ராஜ்ஜியம், அக்கரை வேறு ராஜ்ஜியம். சமையல்காரி சடைச்சிக்கு வீடு இங்கே, வேலை அங்கே. ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாட்டு அதிகாரிகளும் வந்து முழு வரி கேட்டார்கள். கட்டாவிட்டால் சிறை என்று மிரட்டினார்கள்.

"நான் யாருடைய குடி, சாமி?"

"எங்கள் குடி!" என்று இருவரும் முந்திக்கொண்டார்கள்.

"நல்லதாப் போச்சு. வெள்ளத்துல என் வீடு இடிஞ்சு கிடக்கு. எந்த ராஜா கட்டித் தருவாரு?"

"நீ அங்கே சம்பாதிக்கிறவள்" என்று நழுவினார் இக்கரை அதிகாரி.

"நீ இங்கே குடியிருப்பவள்" என்று கைவிரித்தார் அக்கரை அதிகாரி.

"அப்போ உங்க குடி இல்லைன்னு ரெண்டு பேரும் எழுதிக் கொடுங்க."

தப்பித்தால் போதுமென்று இருவரும் எழுதி முத்திரை வைத்தார்கள். சடைச்சி ஓலைகளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடியே இல்லாதவகிட்ட வரி கேக்கலாமா, சாமி? வழி விடுங்க, உலை வைக்க நேரமாச்சு."