மேல்மாடிக் கப்பலும் கீழ்வீட்டுக் கப்பலும்

குடை நனைந்துவிடக் கூடாதே என்று, மழை வந்தால் குடையை மடக்கிச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிற மக்கள் வாழும் ஊர் ஒன்று உண்டு. நாமக்கல்லிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம். பெயர் கூவனூர். அந்த ஊரில் பெரிய முட்டாள் யார் என்பதில் நெடுங்காலமாகத் தகராறு இருந்துவந்தது. கோழிப்பண்ணை வெள்ளியங்கிரி குடும்பத்தோடு கப்பலில் போவதென்று கிளம்பிய பிறகு அந்தத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது.

வெள்ளியங்கிரிக்குக் கடல்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் சகலைமேல் எரிச்சல். மனைவி பாவாத்தாளின் தங்கை புருஷன் அர்த்தநாரி, திருச்செங்கோட்டுக்காரர், போன வருஷம் குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய்விட்டு வந்திருந்தார். அதிலிருந்து காதுகுத்தானாலும் சரி, கருமாதியானாலும் சரி, இலையில் சோறு விழுவதற்குள் "நாங்க கப்பல்ல போனப்ப" என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்டால் வெள்ளியங்கிரிக்குச் சோறு இறங்காது.

தை மாதம் பாவாத்தாளின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இரண்டு சகலைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். அதற்குள் தானும் கப்பலில் போய்வந்துவிடுவதாக வெள்ளியங்கிரி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். போகாவிட்டால் அர்த்தநாரி பேசப்பேசத் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தைக் குடிக்க வேண்டியதுதான். 

திங்கட்கிழமை காலையில் நாமக்கல்லுக்குப் போய், பயணச்சீட்டு ஏற்பாடு செய்கிற பத்மநாபனைப் பார்த்தார். பத்மநாபன் நல்ல மனுஷன். மேசைமேல் இரண்டு வழவழப்பான புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று 'நீலமணி' கப்பல் கம்பெனி, இன்னொன்று 'அலையரசி' கப்பல் கம்பெனி.

"ரெண்டுமே நல்ல கம்பெனி சார். கண்ண மூடிக்கிட்டு முடிவு பண்ணிடாதீங்க. குடும்பத்தோட உட்கார்ந்து பேசுங்க. ரெண்டு கப்பல்லயும் நீங்களே இருக்கற மாதிரி நெனச்சுப் பாருங்க, எது ஒத்துவரும்னு தன்னால தெரிஞ்சிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். அஞ்சைத் தாண்டினா இடம் போயிடும்."

கூவனூர்க்காரரிடம் இப்படியெல்லாம் பேசலாமா? பாவம், அந்த மனுஷனுக்கு அது தெரியாது.

அன்று மத்தியானமே கூடத்தில் சபை கூடியது. வெள்ளியங்கிரி, பாவாத்தாள், தம்பி நாச்சிமுத்து, அவர் மனைவி தனபாக்கியம், கடைசித் தம்பி மருதாசலம் என்று ஐந்து பேர். மருதாசலத்துக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடத்தில் பெண் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். மூன்று இடத்திலும் பெண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு, "பாத்தாச்சு" என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு முடிவு பண்ணக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஐந்து பேரும் இமைக்காமல் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் எல்லோர் கண்ணிலும் நீர் கொட்டியது. தனபாக்கியம் இரண்டு முறை இமைத்துவிட்டதால் பேச்சை இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

நாச்சிமுத்துதான் படித்தவர். அவர் நீலமணியின் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். "வீட்டில் இருப்பது போலவே இருக்கும். கப்பலில் இருப்பதே தெரியாது."

சபையில் சலசலப்பு எழுந்தது.

"கப்பல்ல இருக்கறதே தெரியாதுன்னா, எறங்கறப்ப எதுலிருந்து எறங்கறோம்னு எப்பிடிங்கண்ணா தெரியும்?" என்றார் நாச்சிமுத்து.

"கேப்டன் சொல்லுவாருடா."

"அவருக்கும் தெரியாமப் போச்சுன்னா?"

வெள்ளியங்கிரி அந்தப் புத்தகத்தை மூடிவைத்தார். "சரி, அத வெய்யி. அடுத்ததப் படி" என்றார்.

அலையரசியின் புத்தகத்தில் இப்படி இருந்தது: "கவலைகளைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அலைகள் தாலாட்டும். திரும்பி வரவே மனம் வராது."

"ஏனுங்க, திரும்பி வர மனசு வராட்டிக் கோழிக்கெல்லாம் யாரு தீவனம் போடறது?" என்று பாவாத்தாள் பதறினாள். "அதுவும் போகட்டும். கவலையக் கரையில உட்டுட்டு வரச் சொல்றாங்க. எனக்கு இருக்கற ஒரே கவலை நீங்கதான். உங்கள எங்கீன்னு உட்டுட்டு நான் மட்டும் கப்பல் ஏர்றது?"

அது நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வெள்ளியங்கிரியும் ஒப்புக்கொண்டார்.

இப்படியே பொழுது சாய்ந்தது. கடைசியில் நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஏதோ நேரப்போகிறது என்று அர்த்தம்.

"அண்ணா, அவரு என்ன சொன்னாரு? ரெண்டு கப்பல்லயும் நாமளே இருக்கற மாதிரி நெனச்சுப் பாக்கச் சொன்னாரு. நாம நெனைக்காமப் பேசிட்டே இருக்கறோம். நம்மூட்டுல மாடி ஒண்ணு இருக்குது, கீழ ஒண்ணு இருக்குது. மேல நீலமணி, கீழ அலையரசி. புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரியே மூணு நாள் இருந்து பாத்துட்டா, எது ஒத்துவரும்னு தெரிஞ்சு போயிரும்."

வெள்ளியங்கிரி தம்பியைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு மூளை நம் குடும்பத்தில் இருக்கிறதே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

புத்தகத்தின்படி கப்பல் செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் புறப்படும், வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கரை சேரும். நடுவில் யாரும் இறங்கக் கூடாது. நடுக்கடலில் செல்போன் வேலை செய்யாது.

"வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடோணுமேங்க?" என்றாள் பாவாத்தாள்.

"ஆறு மணிக்கு எறங்கினதும் ஒரே ஓட்டமா ஓடிப் போயிப் போட்டுறலாம்" என்றார் வெள்ளியங்கிரி. அவர் குரலில் இருந்த உறுதியைக் கேட்டு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பண்ணை ஆட்களிடம் கோழிகளை ஒப்படைத்துவிட்டு, செவ்வாய் மாலை கப்பல்கள் புறப்பட்டன. வெள்ளியங்கிரியும் பாவாத்தாளும் மாடியில். நாச்சிமுத்தும் தனபாக்கியமும் கீழே. செல்போன்கள் எல்லாம் அணைக்கப்பட்டன. மருதாசலம்தான் இரண்டு கப்பலுக்கும் கேப்டன். ஒரு கப்பலில் இருந்தால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும் என்பதால், வெளிப்பக்கம் இருந்த மாடிப்படியில் சரியாக நடுப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் சிக்கல் சோற்றில் வந்தது. எந்நேரமும் விருந்து என்று இரண்டு புத்தகத்திலும் போட்டிருந்தது. எட்டு மணி வரை பொறுத்துப் பார்த்த வெள்ளியங்கிரி, "என்ன, சமைக்கலயா?" என்றார்.

"நான் எதுக்குங்க சமைக்கோணும்? நான் பயணம் வந்தவ" என்று பாவாத்தாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. கீழே தனபாக்கியமும் அதையே சொன்னாள். வெள்ளியங்கிரி மாடிப்படிக்கு வந்து கேப்டனிடம் புகார் கொடுத்தார். கேப்டன் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கப்பலிலும் மூன்று நாளும் முறுக்கும் அதிரசமும்தான். கேப்டனுக்கு அதுவும் இல்லை. மேலே கேட்டால் கீழ்க் கப்பலில் சாப்பிடச் சொன்னார்கள், கீழே கேட்டால் மேல் கப்பலில் சாப்பிடச் சொன்னார்கள்.

அலையரசியில் அலை தாலாட்ட வேண்டும் அல்லவா? நாச்சிமுத்து கட்டிலைப் பிடித்து ஆட்ட, தனபாக்கியம் படுத்திருந்தாள். பிறகு அவள் ஆட்ட, இவர் படுத்தார். புதன்கிழமை மத்தியானம் அவள் கொஞ்சம் வேகமாக ஆட்டியதில் கட்டில் கால் முறிந்து நாச்சிமுத்து தரையில் உருண்டார். "புயல்! புயல்!" என்று கேப்டன் தட்டை எடுத்துத் தட்டினார்.

மாடியில் வெள்ளியங்கிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "பாத்தியா பாவாத்தா, அங்க புயல் அடிக்குது. நம்ம கப்பல்ல ஒரு இம்மி ஆட்டம் தெரியுதா? கம்பெனின்னா இது கம்பெனி!"

விடியற்காலையில் கடற்பறவைகளின் ஒலி கேட்டுக் கண்விழிப்பீர்கள் என்று இரண்டு புத்தகத்திலும் போட்டிருந்தது. கொல்லையில் ஐயாயிரம் கோழிகள் கத்தின. அதில் மட்டும் இரண்டு கம்பெனிக்கும் முழு மதிப்பெண் கிடைத்தது.

பால்காரர் பழனியப்பன் வந்தபோது அவரைக் கடலில் நிற்கவைத்துப் பேச வேண்டியிருந்தது. மேலே இருந்து கயிற்றில் தூக்குவாளியை இறக்கினார்கள். வீதி கடலாகிவிட்டது என்று கேள்விப்பட்டதும் பழனியப்பன் வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். வியாழக்கிழமைக்குள் கூவனூரே அந்த வீட்டைத் தாண்டும்போது வேட்டியை மடித்துக் கட்டியது. பெண்கள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஊரே இப்படி இருந்தால் யாரைச் சொல்லி என்ன?

வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பத்மநாபன். மூணு நாளாகப் போன் போட்டுப் பார்த்துவிட்டு, கையில் காகிதங்களோடு அவரே வந்திருந்தார். பேண்ட்டைக்கூட மடிக்காமல், செருப்புக் காலோடு நட்டநடுக் கடலில் நின்றார்.

"சார்! போன ஏன் சார் அணைச்சு வெச்சிருக்கீங்க? இன்னும் அரை மணிதான் இருக்கு! எந்தக் கப்பல்னு சொல்லி இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க!"

வெள்ளியங்கிரி மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அலறினார். "ஐயையோ, வாயத் தெறக்காதீங்க சார்! தண்ணி உள்ள போயிரும்!"

"என்ன தண்ணி? கீழ இறங்கி வாங்க சார்!"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே!"

பத்மநாபனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, நானே மேல வர்றேன்" என்று மாடிப்படியில் கால் வைத்தார்.

மருதாசலம் கையை விரித்து மறித்தார். மூன்று நாள் பட்டினியில் அவர் குரல் ஈனமாக வந்தது. "டிக்கெட் இல்லாம நடுக்கடல்ல யாரையும் ஏத்தறதில்லீங்க."

பத்மநாபன் கீழ்வீட்டு ஜன்னலுக்கு ஓடி, கம்பி வழியாகக் காகிதத்தை நீட்டினார். நாச்சிமுத்து கையை நீட்டினார். தொட்டுவிட்டார். பிறகு சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"காயிதம் நனைஞ்சிருக்குமுங்களே சார்? நனைஞ்ச காயிதத்துல போட்ட கையெழுத்து செல்லுமுங்களா?"

"எங்கய்யா நனைஞ்சுது!" என்று பத்மநாபன் கத்தினார். கத்தியபோது குரல் தழுதழுத்தது. அது தண்ணீர் குடித்த குரல்தான் என்று வெள்ளியங்கிரிக்குத் தோன்றிவிட்டது. ஒரு உயிர் கண்ணெதிரே போகிறதே என்று துடித்து, மாடியில் கிடந்த லாரி டியூபைத் தூக்கி வீசினார். அது பத்மநாபனின் தோளில் இடித்து, காலடியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்த டியூப்மேலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். ஆள் பிழைத்துவிட்டார் என்று இரண்டு கப்பலிலும் கைதட்டினார்கள்.

ஆறு மணிக்குக் கேப்டன் தட்டைத் தட்டினார். கரை வந்துவிட்டது. ஐந்து பேரும் வரிசையாக இறங்கினார்கள்.

"எந்திரிங்க சார், கையெழுத்துப் போடலாம்" என்றார் வெள்ளியங்கிரி.

"போச்சு சார். ஒரு மணி நேரம் ஆச்சு. ரெண்டு கப்பல்லயும் இடம் போச்சு. இனிமே சித்திரைக்குத்தான்."

 தை மாதம் கல்யாணம். பந்தி, இலை, பக்கத்தில் அர்த்தநாரி. வெள்ளியங்கிரிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இந்தத் தடவை இமைக்காததால் வந்த நீர் இல்லை.

நாச்சிமுத்து நிமிர்ந்து நின்றார். "அண்ணா, நாம இப்ப எதுலிருந்துங்க எறங்குனோம்?"

"கப்பல்லிருந்து."

"அப்பறம் எதுக்குங்க இன்னொரு கப்பலு?"

வெள்ளியங்கிரி தம்பியை மறுபடியும் கட்டிக்கொண்டார். பத்மநாபன் கிளப்ப மறந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார்.

கல்யாணத்தில் இலை போட்டார்கள். அர்த்தநாரி உப்பைத் தொடுவதற்குள் ஆரம்பித்தார். "நாங்க கப்பல்ல போனப்ப…"

"நாங்களும் போயிட்டு வந்துட்டோமுங்க சகலை" என்றார் வெள்ளியங்கிரி.

அர்த்தநாரிக்குக் கை நின்றது. நம்பாமல் அவரை ஏறஇறங்கப் பார்த்தார். "அப்பிடீங்களா? கடல் எப்பிடி இருந்துச்சு?"

"கடலா? கப்பல்ல இருக்கறதே தெரியல, அப்பறம் கடல் எங்கிருந்துங்க தெரியும்?"

"ஆட்டம்?"

"ஒரு இம்மி ஆடல. பக்கத்துல ஒரு கப்பலு புயல்ல மாட்டிக் கட்டிலே ஒடஞ்சு போச்சு. எங்க கப்பல்ல டம்ளர்ல இருந்த பாலு தளும்பல. பாலும் நடுக்கடல்ல வந்து ஊத்துனாங்க. தண்ணியில தத்தளிச்ச ஒரு ஆளக்கூடக் காப்பாத்துனோம்."

அர்த்தநாரியின் மூஞ்சி விழுந்துவிட்டது. அவர் போன கப்பல் ஆடிய ஆட்டத்தில், போன அன்றிலிருந்து வந்த அன்று வரை வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவர் அவர். அது இதுவரை வெளியே வராத சங்கதி.  பாயசம் வந்ததும் பக்கத்தில் குனிந்து, "எந்தக் கம்பெனிங்க சகலை?" என்று மெதுவாகக் கேட்டார். "எங்கூட்டு வாசல்லதாங்க கப்பலு நிக்குது, துணிய மடிச்சுக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, வெள்ளியங்கிரி அன்று மூன்று தடவை பாயசம் வாங்கிக் குடித்தார்.

மாசி மாதம் ஒரு காலையில் கூவனூர் வீட்டு வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். வீதியில் அர்த்தநாரி நின்றார். முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டி, ஒரு கையில் செருப்பும் தலையில் பெட்டியுமாக நின்றார். பின்னால் அவர் மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சகலை, வாங்க! மேல் கப்பலா, கீழ்க் கப்பலா?" என்றார் வெள்ளியங்கிரி.

அர்த்தநாரி மாடியையும் கீழ்வீட்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கண்ண மூடிட்டு எப்பிடிங்க முடிவு பண்றது? மொதல்ல திருச்செங்கோட்டுல எங்கூட்டுல மூணு நாளு இருந்து பாத்துட்டு வந்து சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு, நீந்திக்கொண்டே பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பினார்.