சுவாதியின் தொப்பை

ஆதிமூல சாமியின் கோபத்தைப் பற்றி அந்த வட்டாரத்தில் பல கதைகள் உண்டு. அவர் முறைத்தால் கறந்த பால் செம்பிலேயே திரியும். மடத்துக் கூரையில் காக்கை உட்காராது. தப்பித்தவறி உட்கார்ந்தாலும் கரையாது. ஒருமுறை ஆசி வாங்க வந்த தாசில்தார், வாசலில் கழற்றிய செருப்பை விட்டுவிட்டே ஓடியவர்தான். அந்தச் செருப்பும் பின்னாலேயே ஓடியது என்பார்கள். அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது சாமிக்குப் பெரிய தொப்பை. சந்தைக்குப் போகிற பெண்கள் கூடையை இறக்கிவைத்து அவரோடு வம்பளந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைவிட உரக்கச் சிரிப்பது சாமிதான்.

தாண்டவமூர்த்திக்கு இது பொறுக்கவில்லை. அந்தக் கோபத்தை நம்பி வீட்டைவிட்டு வந்த சீடர் அவர். தலை நரைத்தாயிற்று, ஞானம்தான் வந்தபாடில்லை. வேறு குருவிடம் போய்விடுவது என்று முடிவு செய்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். போகிறவர் காரணத்தைக் குருவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஊரில் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்கிற சாக்கெல்லாம் எடுபடாது.

சித்திரை மாதம். விளக்கு வைத்த நேரம். சாமி முற்றத்தில் சாய்ந்தபடி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“நான் கிளம்பறேன் சாமி.”

“காரணம்?”

“உங்க சூடு ஆறிப்போச்சு.”

சாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “எங்கே போறதா உத்தேசம்?”

“மலை மடத்துக்கு. அங்கே இருக்கிற சாமிகிட்ட யாரும் நெருங்கவே முடியாதாம்.”

“நல்ல இடம். கடலை கிடைக்காது.”

தாண்டவமூர்த்தி சிரிக்கவில்லை. கிழக்கே கையை நீட்டினார். வேப்பமரத்துக்கு மேலே சுவாதி நட்சத்திரம் ஏறியிருந்தது.

“குருன்னா அப்படி இருக்கணும். காவி நிறத்துல தகதகன்னு. எத்தனை தவம் எரிஞ்சா அந்த நிறம் வரும்?”

“காவின்னா சூடு அதிகம்னு நினைச்சியா?”

“பின்னே?”

“கொல்லன் பட்டறையில பார்த்ததில்லையா? இரும்பு வெள்ளையாத் தெரியறப்ப சூடு அதிகமா, ஆறி ஆரஞ்சு நிறத்துக்கு வர்றப்ப அதிகமா?”

தாண்டவமூர்த்தி யோசித்தார். “வெள்ளையிலதான்.”

“சூரியனோட மேல்தோலைவிட இதோட மேல்தோல் சூடு குறைச்சல்.”

சாமி துறவுக்கு முன்னால் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் கதை அளக்கமாட்டார்.

“ஆறிப்போனதா இப்படி ஒளிருது?”

“நூறு சூரியனுக்கும் மேல ஒளிருது.”

“அது எப்படி?”

“தொப்பை,” என்று சாமி தன் வயிற்றைத் தட்டிக்காட்டினார். “ஒரு காலத்துல அதுவும் சூரியன் மாதிரிதான் இருந்தது. இப்ப சூரியனைப்போல இருபத்தஞ்சு மடங்கு அகலம். ஒரு சாண் இடத்துல எடுத்தா வெளிச்சம் கம்மிதான். ஆனா இடம் நிறைய.”

“அப்ப எடையும் ஏறியிருக்குமே?”

“இல்லை. எடை கிட்டத்தட்ட சூரியன் அளவுதான். மேலே இருக்கிறது நாம விடற மூச்சைவிட மெலிசு.”

“வெறும் காத்து,” என்றார் தாண்டவமூர்த்தி. “நானும் அதைத்தானே சொல்றேன்.”

“மேலே இருக்கிறதைச் சொன்னேன். உள்ளே என்னன்னு நீ கேட்கலையே.”

“உள்ளே என்ன?”

“நடுவுல எரிய வேண்டியது எரிஞ்சு தீர்ந்துபோச்சு. மிச்சம் சுருங்கிச் சுருங்கி முன்னைவிடச் சூடாகுது. அந்தச் சூட்டுல அதைச் சுத்தியிருக்கிற அடுக்கு முன்னைவிட வேகமா எரியுது. வெளியே ஊதினது அதனாலதான்.”

தாண்டவமூர்த்தி குருவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இப்படியே எவ்வளவு காலம் இருக்கும் சாமி?”

“சூரியன் மாதிரி இருந்த காலத்தோட பார்த்தா, கொஞ்ச நாள்தான்.”

மலைப் பக்கம் போகிற கடைசிப் பேருந்து மடத்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. பிறகு போய்விட்டது.

தாண்டவமூர்த்தி சாமியின் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தார்.