எலிகூட இல்லாத கப்பல்

கோளரிவர்மன் வேலாழித்துறையை ஆண்டபோது, வணிகர் திருமேனிநாதர் தானே ஓடும் கப்பல் ஒன்று வாங்கினார். உள்ளே பல்சக்கரமும் காந்த முள்ளும். கரையில் சாவி முடுக்கினால் போதும், தீவுக்குப் போய் மிளகோடு திரும்பிவிடும். மாலுமிக்குச் சோறு போட வேண்டாம் என்பதில் அவருக்கு அப்படியொரு பூரிப்பு.

ஒருநாள் மீனவன் சேந்தன் சபைக்கு வந்து அழுதான்.

"சாமி, சூறையில எங்க படகு ஒடஞ்சிருச்சு. மூணு பேரு ஒத்தப் பலகையப் புடிச்சிக்கிட்டு ரெண்டு நாளு தண்ணியில கெடந்தோம். இவரு கப்பல் பக்கத்துலயே போச்சு. தொண்ட கிழியக் கத்துனோம், நிக்கல. படகும் போச்சு, பொழப்பும் போச்சு. நியாயம் சொல்லணும்."

துறையின் சட்டம் கடுமையானது. தத்தளிப்பவர்களை விட்டுவிட்டுக் கப்பல் ஓட்டியவன், அதே கடலில் ஒரு பலகையோடு இரண்டு நாள் மிதக்க வேண்டும்.

திருமேனிநாதர் சிரித்தார். "தாராளமாக மிதக்கட்டும், மன்னா. ஆனால் ஓட்டியவன் யார்? கப்பலில்தான் ஆளே இல்லையே!"

அமைச்சர்கள் கண்மூடி யோசித்தார்கள். ஒருவர் அப்படியே தூங்கியும் போனார். அரசவை விகடகவி வெண்காடர் மட்டும் எழுந்தார்.

"ஐயா, ஒரு சமையற்காரன்கூட இல்லையா?"

"எலிகூட இல்லை."

"அருமை! அதை ஓலையில் எழுதிக் கொடுங்கள்."

வணிகர் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தார். வெளியே போகும்போது வெண்காடர் சேந்தனின் காதில் ஏதோ சொன்னார்.

நான்காம் நாள் வணிகர் மேலாடை நழுவ ஓடி வந்தார். பின்னாலேயே சேந்தனும் வந்தான்.

"மன்னா! இந்தச் சேந்தன் குப்பத்துப் படகுகளோடு போய் என் கப்பலைக் கயிறு போட்டு இழுத்து வந்து தன் குப்பத்தில் கட்டிவிட்டான்! மிளகோடு!"

வெண்காடர் ஓலையை விரித்தார். "அதுவும் துறைச் சட்டம்தான் ஐயா. நடுக்கடலில் ஆளில்லாமல் கிடைக்கும் கப்பல், கரைசேர்த்தவருக்கே சொந்தம். எலிகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே."

"ஆள் எதற்கு? நான் முடுக்கிய சாவி! நான் குறித்த வழி! அதை ஓட்டுவதே நான்தான்!"

"அப்படியா? ரொம்ப நல்லது. யாரங்கே, ஒரு பலகை கொண்டுவாருங்கள்."

வணிகர் இரண்டடி பின்வாங்கினார். கணுக்கால் நனையக்கூடக் கடலில் நின்றவர் இல்லை அவர்.

"மன்னா... யோசித்துப் பார்த்தால்... அது என் கப்பலே இல்லை."

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி வெண்காடருக்குப் போட்டான். பிறகு சேந்தனைக் கேட்டான்: "சாவியை எப்படி முடுக்குவது என்று உனக்குத் தெரியுமா?"

"சாவிய அன்னைக்கே கழட்டிப் போட்டுட்டோம் சாமி. எங்களுக்குத்தான் கண்ணு இருக்கே."