பாய் கொண்டு வராதவர்கள்

"ஊரே என் மருந்தைத் தின்னுட்டுத் தூங்குது, தாயே. பெத்த மக மட்டும் அதைக் கையால தொட மாட்டேங்கா. நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும்."

வைத்தியர் தாணுமாலயன் இப்படிச் சொல்லிவிட்டு மடத்து வாசலில் உட்கார்ந்தார். அவர் மகள் வடிவு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்காமல் நிற்க அவளால் முடியவில்லை.

மடத்தை நடத்திவந்த உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வைத்தியரைவிட வயதில் இளையவள். இருந்தும் அவளைத்தான் அவர் குருவாக வைத்திருந்தார். தன் வைத்தியத்தை அவள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை என்ற குறை அவருக்கு உண்டு. அந்தக் குறை தீரத்தான் திரும்பத் திரும்ப வருகிறார் என்று மடத்தில் கேலி பேசுவார்கள்.

"எப்ப இருந்து தூங்கலே?" என்று கேட்டாள் உலகம்மை.

"அவ அம்மா போனதுல இருந்து."

வைத்தியரின் மனைவி செண்பகம் போன ஐப்பசியில், ஒரு காலை வேளையில், வீட்டுக் கிணற்றடியில் விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோனாள்.

"துக்கம்தான் தாயே. ஆனா இப்படியே போனா இவளும் எனக்கு மிஞ்ச மாட்டா. சோறு இறங்கலே. நேத்து அடுப்புக்கு முன்னால மயங்கிட்டா. ஒரு உருண்டை உள்ளே போனாப் போதும், தூங்கிருவா."

வடிவு தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம்ம மருந்து பலிக்கும்னு எப்படித் தெரியும்?" என்றாள் உலகம்மை.

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் வீட்டுக்கு வந்து பாருங்க. கால் வைக்க இடமில்லே."

உறக்கம் கிடைத்தவர்கள் வைத்தியருக்கு ஒரு புதுக் கோரைப்பாய் கொண்டுபோய்க் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். தாணுமாலயன் வீட்டில் பாய்கள் கூரையை முட்டின. கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தி போட அங்கேதான் இரவல் வாங்கிப் போவார்கள்.

"பாய் கொண்டு வராதவங்க?"

"தூக்கம் வந்தவன் தூங்குவானா, பாயைத் தூக்கிட்டு அலைவானா? ஆளு வரலேன்னா குணமாயிட்டுன்னு அர்த்தம்."

"வந்தாலும் குணம். வராட்டாலும் குணம்."

"ஆமா."

"அப்ப மருந்து தோத்துப்போச்சுன்னா அது உமக்கு எந்த வழியாத் தெரிய வரும்?"

வைத்தியருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

உலகம்மை கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"மக இங்க இருக்கட்டும். நீரு போயி பாய் கொண்டு வராதவங்களைப் பாத்துட்டு வாரும். வந்தப்புறமும் குடுக்கலாம்னு சொன்னீர்னா, அவ வாயில நானே ஊட்டுதேன்."

மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வைத்தியர் கிளம்பினார். குருவை ஒருமுறையாவது ஜெயித்துவிடலாம் என்ற ஆசை அவருக்கு இருந்தது.

முதலில் வண்டிக்காரர் கந்தையா.

"உங்க மருந்தா? அதைக் கோழி தின்னுட்டு, வைத்தியரே. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துது."

"பெறகு தூக்கம்?"

"கோர்ட்டு கேசு தீந்துது. அன்னையில இருந்து நல்ல தூக்கம்."

"கோழி?"

"அது மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கலே."

ஒரு ஆள்தானே, ஏதோ தற்செயல் என்று சொல்லிக்கொண்டு வைத்தியர் நடந்தார்.

அடுத்த ஊரில் ஒரு தறிக்காரர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "சாப்பிட்டேன் ஐயா. ஒண்ணும் கேக்கலே. வந்து சொன்னா உங்க மனசு நோகுமேன்னு இருந்துட்டேன்." அவர் பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அவ்வளவு மரியாதையான மனிதர்கள்.

இன்னொரு ஊரில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு பேசினாள்.

"மொதல்ல நல்லாத் தூங்கினேன். இப்ப அது இல்லேன்னா கண்ணை மூட முடியலே. கையெல்லாம் நடுங்குது. நான் வந்தா கேப்பீங்கன்னு நாத்தனாரை அனுப்பி வாங்குதேன்."

அந்த நாத்தனார் போன மாதம் ஒரு பாய் கொண்டு வந்ததும், அதை அவர் எல்லோருக்கும் காட்டியதும் வைத்தியருக்கு நினைவு வந்தது.

குணமானவர்களும் இருந்தார்கள். இல்லாமல் இல்லை. ஆனால் மருந்தை வாங்கி அடுக்களையில் மறந்துபோனவர்களிலும் அதே மாதிரிப் பலர் குணமாகியிருந்தார்கள். வெயிலில் நின்று இரண்டையும் மனதில் எடைபோட்டுப் பார்த்தார். தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை.

கடைசியாகக் குளத்தங்கரையில் நல்லபெருமாள் வீடு. நல்லபெருமாள் இல்லை. மனைவி மூக்கம்மா இருந்தாள். வைத்தியரைக் கண்டதும் பதறி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்ல மருந்து ஐயா. குத்தமே சொல்ல மாட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாவ. எத்தனையோ வருசம் கழிச்சு அப்படி ஒரு தூக்கம்."

"அப்புறம்?"

"விடிஞ்சும் கிறக்கம் தெளியலே. கண்ணு முழிச்சிருக்கு, காலு முழிக்கலே. அதோட குளத்துக்குப் போனாவ. படியில வழுக்கிட்டு."

வைத்தியர் பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குன்னு பாய் வாங்கி வச்சிருந்தேன் ஐயா. அவசரத்துல அதுலதான் அவுகளைக் கிடத்துனோம். அதான் கொண்டு வர முடியலே. தப்பா நினைச்சுக்கிடாதீங்க."

காலு முழிக்கலே என்ற பேச்சை அவர் முன்பே ஒருமுறை கேட்டிருந்தார்.

செண்பகம் விழுந்த அன்று காலையில் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் கிணற்றடிக்குப் போனாள். என்ன என்று இவர் கேட்டதற்கு, காலு இன்னும் எந்திரிக்கலே என்று சொல்லிச் சிரித்தாள். இவரும் சிரித்தார். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

மூக்கம்மா மோர் கொண்டு வருவதற்குள் எழுந்துவிட்டார். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை. வழியில் ஓடைக்கரையில் குழி தோண்டிப் பையிலிருந்த அத்தனை உருண்டைகளையும் புதைத்தார். ஆடு மாடு கிளறிவிடக் கூடாதே என்று ஆழமாகத் தோண்டினார். விரல் நகம் பெயர்ந்தது. அழுதார்.

கிளம்பிப் பல நாள் கழித்து அவர் மடத்துக்குத் திரும்பியபோது வடிவு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"தூங்குதாளா?"

"கொஞ்சம்" என்றாள் உலகம்மை.

"என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலே. பாயைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். கண்ணு சொக்குற வரைக்கும் படுக்க விடலே. படுத்தும் தூக்கம் வராட்டா எந்திரிச்சு உக்காருன்னேன். எப்பத் தூங்கினாலும் கோழி கூப்பிட எழுப்பிட்டேன். பகல்ல சாய விடலே. ரொம்ப வைஞ்சா என்னை."

"இது பலிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வியை அவர் ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை. உலகம்மைக்கும் அது தெரிந்தது.

"செஞ்சவங்க வீட்டுக்கும் போனேன். செய்யாதவங்க வீட்டுக்கும் போனேன். செஞ்சவங்கள்ல நிறையப் பேரு தூங்குதாவ. எல்லாரும் இல்லே. பலிக்காதவங்ககிட்டயும் உக்காந்து கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"பாய் குடுத்தாவளா?"

"முழுங்க ஒண்ணும் இல்லாத வைத்தியத்துக்கு யாரு ஓய் பாய் குடுப்பா?"

முற்றத்தைப் பார்த்துக்கொண்டு அவளே தொடர்ந்தாள்.

"இதுலயும் மொதல்ல கொஞ்ச நாள் கிறக்கம் உண்டு. அதனால அவளைக் கிணத்துப் பக்கம் விடலே."

வைத்தியர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"செண்பகத்தைக் கொன்னது என் மருந்து தாயே."

"இருக்கும்."

"இருக்கும்னா?"

"நான் பாக்கலே. நீரு பாத்திருக்கீரு. உம்ம மகளும் பாத்திருக்கா."

அவர் தலையை நிமிர்த்தினார். முற்றத்தில் மகள் குப்பையைக் கூட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டில் யார் தினமும் டப்பாவைத் திறந்து, ஒரு உருண்டையை எடுத்து, வெந்நீரோடு அம்மா கையில் கொடுத்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

எழுந்து போனார். மகள் முன்னால் நின்றார்.

"வடிவு. அம்மாவுக்கு எடுத்துக் குடுத்தது நீ. ஆனா செஞ்சது நான்மா."

விளக்குமாறு நின்றது.

"தெரியும்ப்பா."

"எப்ப இருந்து?"

"அன்னைக்கே."

"தெரிஞ்சும் ஏன் தாயி சொல்லலே? இத்தனை நாளா ஒருத்தியா முழிச்சுக் கிடந்தியே."

அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்:

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்களேப்பா."