நாற்பது அடியில் நின்ற எஞ்சின்

கொம்பையா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு துணி இறக்கையில் பறக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்.

முதல் நாளே கேட்டார். “ஏறும்போதே எஞ்சின் நின்னுட்டா என்ன செய்யணும் டீச்சர்?”

“நீங்க என்ன செய்விய அண்ணாச்சி?”

“திரும்பிக் கிளம்பின இடத்துக்கே வந்திருவேன். பழகின தரைல்லா.”

ஜெசிந்தா அவரைத் திடலுக்குக் கூட்டிப் போனாள். எஞ்சின் இல்லாமல் இறக்கையை மட்டும் மாட்டி, காற்று முதுகில் அடிக்க அவரை ஓடச் சொன்னாள். துணி அவரைத் தாண்டிப் போய்ச் சுருண்டது. அதன்மேலேயே குப்புற விழுந்தார். அடுத்து, காற்றைப் பார்த்து ஓடச் சொன்னாள். இறக்கை தலைக்கு மேல் நிமிர்ந்தது. கால்கள் ஒரு சாண் எழும்பி, மெதுவாக ஊன்றின.

“எந்தப் பக்கம் தரை மெத்துன்னு இருந்துச்சு?”

“இந்தப் பக்கந்தான்” என்றார், வாயில் போன மண்ணைத் துப்பியபடி.

இருபது நாள் கழித்து முதல் பறத்தல். “கைகால் முறிஞ்சா நான் பாக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, மனைவி பேச்சியம்மாளும் வந்து நின்றாள்.

காற்றைப் பார்த்து ஓடினார். எழும்பினார். நாற்பது அடி உயரத்தில் எஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுபோனது.

வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. அங்கே காற்றுதான் இருந்தது. பின்னால் பழகிய திடல், பேச்சியம்மாள். முன்னால் கால் படாத செம்மண் தேரி மேடு. திரும்பிவிடலாம் என்று கை, இறக்கையைத் திருப்பும் ஒரு பக்கக் கயிற்றை இழுக்கப் போனது.

காற்று முகத்தில் அடித்தது. மெத்தென்ற தரை இந்தப் பக்கந்தான்.

கையைத் தளர்த்தி மேலே விட்டார். நேராகவே போனார். தரை நெருங்கியதும் இரண்டு கயிற்றையும் ஒருசேர இழுத்தார். இரண்டு எட்டு ஓடி, நின்றார்.

“நின்னுட்டாவ! எங்க வீட்டாளு நின்னுட்டாவ!” பேச்சியம்மாள் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கொம்பையாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட அவர் இப்படி மகிழ்ந்ததில்லை.

ஜெசிந்தா வந்ததும் சொன்னார்: “தப்பிச்சிட்டேன் டீச்சர். ஆனா பறக்க முடியாமப் போச்சே.”

அவள் அவர் முதுகிலிருந்த எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“மேல போறவரைக்கும் இது உங்களத் தூக்கிட்டுப் போச்சு அண்ணாச்சி. இது நின்ன பொறவுதான் நீங்க பறந்திய.”